இங்கே ஆள் இருக்கா

ஐந்து பூஜ்யம்.
செங்காங் திடலில் பீய்ச்சிய தண்ணீர்
காயுமுன் முதல் கோல் வாங்கினோம்.
ஏழாவது தோல்வி இது.

திங்கள் இரவு கோப்பிக்கடையில் செயற்குழு.
இடம் பிடிக்க
நாற்காலிக்கு ஒரு டிஷ்யூ பொட்டலம்.
மிச்சப் பொட்டலங்களை மேசையில் பரப்பி
இது கோல்கீப்பர், இது மைய வரிசை
என்று நகர்த்தினார் பயிற்சியாளர்.
இது நீ.
என்மேல்
கண் மருத்துவமனை விளம்பரம் அச்சாகியிருந்தது.

பொருளாளர் லே ஹூன் கணக்கு வாசித்தாள்:
ஐந்து பேர், பதினோரு பருவம்,
சராசரி வயது முப்பத்தாறு.
சுவருக்குச் சாயம் அடித்துப் பயனில்லை,
என் புளோக்தான் ஒரே வழி,
மொத்தமாய் இடித்துக் கட்டு என்றாள்.
எத்தனை முறை கேட்டாலும் அந்தச் சொல்
என்னுடைய புளோக் என்றே
தமிழில் விழுகிறது எனக்கு.

நியாயமாய்ப் பார்த்தால்
இந்தப் பருவம் நாங்கள் போட்டது நாலு கோல்.
நாலும் பெனால்டி கார்னர்.
கோட்டிலிருந்து நான் தள்ள
வட்ட விளிம்பில் ஹிதாயா நிறுத்த
கீரத் அடிப்பாள்.
இரண்டு விநாடிகூட ஆகாது.
ஹிதாயா பார்ப்பது என் தோளை, பந்தை அல்ல.
பந்து வந்து சேருமுன்
கீரத்தின் இடது கால் ஊன்றியிருக்கும்.
அவள் பிரசவத்துக்குப் போன வருடம்
ஒரு கார்னரும் உள்ளே போகவில்லை.

அதே நியாயத்தில் இன்னொன்றும் உண்டு.
வாங்கிய இருபத்தாறில் பாதிக்கு மேல்
எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தவை.
பந்து பறிபோன கணமே
மூளை திரும்பிவிடுகிறது.
முட்டிதான்
மனு எழுதிக் கொடு என்கிறது.

பெஞ்சில் ஷர்மேன்.
வயது பதினெட்டு, தொழிற்கல்லூரி.
ஓட ஆரம்பித்தால் திடல் சின்னதாகிவிடும்.
போன வாரம் ஆறு நிமிடம் ஆடவிட்டோம்,
ஆறும் எதிரணி கோல் பக்கமே ஓடியவை.

இரண்டிரண்டு பேராக மாற்றலாமே என்றது ஒரு குரல்.
கீரத் பல் மருத்துவமனையில் தாதி.
ஆடுகிற பல்லையெல்லாம் பிடுங்குவதில்லை,
ஈறு தேறினால் சிலது நின்றுகொள்ளும் என்றாள்.
அவள் பேசியது ஆங்கிலம்.
ஆடுகிற பல், ஆடுகிற நாங்கள்
என்று இரண்டாய் உடைந்தது
என் காதுக்குள் மட்டும்.

பிறகு நானே சொன்னேன்.
அடிப்பவளை வைத்துக்கொள்ளுங்கள்.
நிறுத்துபவளை வைத்துக்கொள்ளுங்கள்.
தள்ளுவதற்கு யாராவது கிடைப்பார்கள்.

சொல்லிவிட்டு
ஒரு மிடறு கோப்பி அளவு காத்திருந்தேன்.
யாராவது மறுப்பார்கள் என்றுதான்.
மேலே விசிறி சுற்றியது.
ஹிதாயா வாய் திறந்தாள்.
அதற்குள் தட்டு ஏந்திய ஒருவர்
பக்கத்து நாற்காலிப் பொட்டலத்தைத் தாண்டி
மேசை நடுவே மைய வரிசையைப் பார்த்துக்
குழம்பிப்போய்க் கேட்டார்:
இங்கே ஆள் இருக்கா?

லே ஹூன்தான் முதலில் சிரித்தது.
அப்புறம் எல்லோரும்.
இல்லை, உட்காருங்கள் என்று
கண் மருத்துவமனையை எடுத்துப்
பைக்குள் போட்டுக்கொண்டேன்.
ஹிதாயா சொல்ல வந்தது என்னவென்று
இதுவரை கேட்கவில்லை.

வியாழன் பயிற்சியில்
கோட்டில் ஷர்மேன்.
கோலுக்குப் பின்னால் நான், பந்து பொறுக்க.
முதல் தள்ளு அகலம்.
நாலாவது துள்ளி ஹிதாயாவின் முழங்கையில்.
ஒன்பதாவது நேராய்ப் போய் நின்றது.
கீரத்தின் கால்தான் அரை அடி தாமதம்.
பலகையில் மோதும் ஓசை வரவில்லை.
இன்னொன்று என்றார் பயிற்சியாளர்.
ஷர்மேன் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
பந்தை உருட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

அடுத்தது பலகையில் மோதியபோது
என் உள்ளங்கால் குதித்ததை
யாரும் பார்க்கவில்லை.

முகம் துடைக்க அந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
உள்ளே எட்டோ பத்தோ தாள்.
ஒன்றை மட்டும் எடுத்தேன்.

சனிக்கிழமைப் பட்டியல் இன்னும் வரவில்லை.